ஷொக் மாற்றிக் காரைப் பதித்த பிறகு: சத்தம், சாய்வு, இழுவை வந்தால் எங்கே கை வைப்பது?

காரின் உயரத்தைக் குறைத்துப் பதிக்கப் புது ஷொக்கும் லோவரிங் ஸ்பிரிங்கும் பூட்டி ஒரு கிழமைக்குள் "அண்ணை, முன்னால என்னவோ தட்டுது" என்று கராஜுக்குத் திரும்பி வருகிற கார்களுக்கு வன்னியில் குறைவில்லை. வந்தவுடன் எல்லோரும் சொல்வது "ஷொக் டூப்ளிக்கேட் போல" என்பதுதான். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஷொக் நன்றாகவே இருக்கும். வொஷர் தலைகீழாகக் கிடக்கும், அல்லது புஷ் (மூட்டுகளில் வருகிற றப்பர்க் குழல்) முறுகிப்போயிருக்கும், அல்லது பம்ப் ஸ்டொப் (ஷொக் அடிவரை முட்டாமல் தாங்குகிற றப்பர்க் கட்டை) பழைய ஷொக்கோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். அதனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக முதல், சத்தம் எப்போது வருகிறது என்பதைப் பிடியுங்கள். அது பிடிபட்டால் எங்கே என்பது பாதி தெரிந்த மாதிரி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. இடையில் புதிதாக வாங்க வழியில்லாமல் கையில் இருந்த பழைய சிவிக்கையும் லான்சரையுமே பார்த்துப் பார்த்துத் திருத்தியவர்கள் அதிகம். இருபத்தைந்து வயதுக் காரில் புது ஷொக்கைப் பூட்டினால், அதைச் சுற்றியிருக்கிற பழைய றப்பர் எல்லாம் தன் வயதைச் சொல்லத் தொடங்கும். இதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பிழை தேட வேண்டும்.

தொடங்க முன்

உங்கள் காரின் முன்பக்கம் எந்த வகை என்று பாருங்கள். ஹொண்டா சிவிக்கின் ஈ.ஜி., ஈ.கே. என்ற தலைமுறைகள், மஸ்டா எம்.எக்ஸ்.-5 இன் முதல் இரண்டு தலைமுறைகள் ஆகியவற்றில் டபுள் விஷ்போன், அதாவது சில்லை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆர்ம் பிடிக்கிற வகை. ஸ்டியரிங் திரும்பும்போது ஷொக் திரும்பாது. லான்சர், ஸ்விஃப்ட், டொயோட்டா 86 ஆகியவற்றில் மக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதில் ஷொக்தான் சில்லைப் பிடித்து நிறுத்தும் தூண். ஸ்டியரிங்கோடு சேர்ந்து ஷொக்கும் ஸ்பிரிங்கும் திரும்பும். கீழே சொல்லப்போகிற பல விடயங்கள் இந்த வித்தியாசத்தில் தொங்குகின்றன.

காரை ஜக்கில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே கை வைக்காதீர்கள். சீமெந்துக் கல் அடுக்குவதும் வேண்டாம். அது வெடித்தால் சொல்லிக்கொண்டு வெடிக்காது. ஜக் ஸ்ராண்ட் வேண்டும். மாரியில் முற்றத்துச் செம்மண்ணில் ஸ்ராண்டின் கால் புதையும், அதனால் அடியில் தடித்த முதிரைப் பலகைத் துண்டு ஒன்று போடுங்கள். ஸ்பிரிங் கம்பிரஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றவே கூடாது. "கட்டை ஸ்பிரிங் தானே, சும்மா வரும்" என்பார்கள். கட்டை ஸ்பிரிங் சிலவேளை வரும். கழற்ற வேண்டியிருப்பது காரோடு வந்த கொம்பனி ஸ்பிரிங் என்றால் அது மனிதனின் தாடையை உடைக்கும் வேகத்தில் வரும். கம்பிரஸரின் இரண்டு கொளுவியையும் நேரெதிராகப் போட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக, கையால் இறுக்குங்கள். எயார் கன் அதற்கு வேண்டாம்.

சின்னக் கிடங்குகளில் "டக் டக்", பெரிய பள்ளத்தில் சத்தமில்லை

அதிகம் வருகிற முறைப்பாடு இதுதான். பெரிய பள்ளத்தில் சுமை முழுவதும் ஒரே பக்கமாக அழுத்தி நிற்பதால் ஆடுகிற சாமான் ஆட வழியில்லை. காப்பெட் வீதியை விட்டு கிறவல் றோட்டில் மெதுவாகப் போகும்போதுதான் அது மேலும் கீழும் தட்டும். ஆகவே எங்கோ ஒரு சிறு இடைவெளி இருக்கிறது.

முதல் சந்தேகம் மேல் நட்டு. பொனட்டைத் திறந்து, ஒருவர் மட்காட்டைப் பிடித்துக் காரை மேலும் கீழும் ஆட்ட, நீங்கள் ஷொக்கின் மேல் நட்டிலும் மவுண்டிலும் (ஷொக்கின் தலையைக் காரின் உடலோடு பிடிக்கிற றப்பர்த் தட்டு) ஒரே நேரத்தில் விரல் வையுங்கள். இரண்டும் சேர்ந்து அசைய வேண்டும். நட்டு மட்டும் தனியாகத் துள்ளினால் காதுக்கு முதல் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இது ஏன் தளர்கிறது? எயார் கன்னால் இறுக்கும்போது நட்டோடு சேர்ந்து ஷொக்கின் தண்டும் சுற்றும். "டர்ர்" என்று சத்தம் வரும், இறுகிவிட்டது என்று நினைப்போம், உள்ளே ஒன்றும் இறுகியிருக்காது. தண்டின் தலையில் எலன் கீ போடுகிற குழியோ தட்டையான இரண்டு முகமோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பனரால் நட்டை இறுக்குவதுதான் முறை. தண்டை வைஸ் கிறிப்பால் பிடிக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. குரோம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், எண்ணெய் சீல் அந்தக் கீறலிலேயே அறுபடும்.

நட்டு இறுக்கம் என்றால் வொஷரையும் கொலரையும் பாருங்கள். ஈ.கே. போன்ற கார்களில் மவுண்ட் றப்பரின் நடுவே ஒரு சிறிய இரும்புக் குழாய் வரும். பழைய ஷொக்கைக் கழற்றும்போது அது பழைய தண்டிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். அதில்லாமல் பூட்டினால் ஒன்றில் றப்பர் நசுங்கும், அல்லது தண்டு ஓட்டைக்குள் ஆடும். குழிந்த வொஷருக்கு மேல்பக்கம் கீழ்பக்கம் உண்டு. கிண்ணம் போன்ற பக்கம் றப்பரைப் பிடிக்க வேண்டும். வேறு கொம்பனி ஷொக் வாங்கினால் தண்டின் தடிப்பும் மாறலாம். மாறினால் பெட்டிக்குள் அதற்கென்று ஒரு குழாயோ வொஷரோ கூடவே இருக்கும். பெட்டியை எறிய முதல் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள்.

அடுத்தது அன்டி-றோல் பாரின் (வளைவில் கார் சரிவதைக் குறைக்கிற இரும்புத் தண்டு) லிங்க். ஷொக் மாற்றும்போது லிங்கின் போல்ட்டைக் கழற்றியிருப்பார்கள், பழைய போல் ஜொயின்ற் அத்தோடு உயிரை விட்டிருக்கும். சோதிப்பது சுலபம். இரண்டு பக்க லிங்கையும் முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு அதே ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ஆளைப் பிடித்தாயிற்று. ஒரு பக்கத்தை மட்டும் கழற்றித் தொங்கவிட்டால் அது எங்காவது அடித்துப் புதுச் சத்தம் ஒன்றைத் தரும், குழம்பிப்போவீர்கள். லிங்க் இல்லாத கார் வளைவில் அதிகம் சரியும் என்பதால் இந்தச் சோதனையோடு ஏ-9 இல் ஏறாதீர்கள்.

ஸ்பிரிங்கின் அடி நுனி, தட்டில் அதற்கென்று வெட்டிய படியில் போய் முட்டி நிற்க வேண்டும். சுற்றி ஒரு விரல் அகலம் விலகியிருந்தாலும், கார் ஓட ஓட அது தானாகத் திரும்பி உட்காரப் பார்க்கும். அப்போது வருவது "டக்" அல்ல, "டிங்" என்ற உலோகச் சத்தம். மேல் றப்பர் சீற்றைப் போட மறந்தாலும் இதே சத்தம்தான்.

இன்னொன்று, ஷொக்கிலேயே இருந்தாலும் பழுது இல்லாதது. கே.வை.பி. எக்செல்-ஜி போன்ற இரட்டைக் குழாய் ஷொக் கடையில் படுக்கையாகக் கிடந்தால் உள்ளே வாயு எண்ணெயோடு கலந்துவிடும். பூட்ட முதல் நிமிர்த்திப் பிடித்து முழுதாக அமுக்கி முழுதாக இழுத்துப் பல தடவை பம்ப் பண்ண வேண்டும். இடையில் வருகிற வெற்று அசைவு மறைந்து, இழுக்க ஒரே சீரான கனம் தெரியும் வரைக்கும். அதைச் செய்யாவிட்டால் முதல் ஓட்டத்தில் தட்டும். பில்ஸ்டைன் போன்ற ஒற்றைக் குழாய் ஷொக்குக்கு இது தேவையில்லை.

இவ்வளவும் சரியென்றால் பழைய றப்பர்களுக்கு வாருங்கள். ஈ.கே. சிவிக்கின் பின்பக்கத்து ட்ரெயிலிங் ஆர்ம் புஷ் (பின்சில்லை முன்பின்னாகப் பிடிக்கிற ஆர்மின் றப்பர்) இதில் பேர்போனது. மென்மையான ஸ்பிரிங் இருந்த காலத்தில் கிழிந்தும் அது சத்தம் போடாமல் இருந்திருக்கும். புது ஸ்பிரிங் அதன் வாயைத் திறந்துவிடும். பாரைப் போட்டு நெம்பினால் றப்பரின் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்ப "டொய்ங்"

மக்ஃபர்சன் கார்களில் மட்டும். மேல் மவுண்டின் பெயாரிங் இறுகிவிட்டது, அல்லது தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங் திரும்ப முடியாமல் முறுகி, பொறுக்கமுடியாத இடத்தில் தட்டென்று விடுபடும். எஞ்சினை ஓட விட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்ப, ஸ்பிரிங்கில் மெதுவாகக் கை வைத்துப் பாருங்கள். விட்டு விட்டுத் துள்ளினால் பெயாரிங்தான். கிறீஸ் பூசி மினக்கெட வேண்டாம், மாற்றிவிடுங்கள். எப்படியும் ஸ்ட்ரட்டைப் பிரிக்கிற நாளில் புது மவுண்ட் போடுவதுதான் புத்தி. இல்லாவிட்டால் அதே வேலைக்கு இரண்டு முறை கூலி.

மதகிலும் பள்ளத்திலும் "டம்" என்று முதுகில் அடிக்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வன்னியில் காரைப் பதிப்பவர்களுக்கு உண்மையான பிரச்சினை இதுதான். வவுனியாவிலிருந்து பரந்தன் வரைக்கும் ஏ-9 காப்பெட். மாங்குளத்தில் மல்லாவிப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ திரும்பி, அங்கிருந்து ஒரு உள்வீதிக்குள் இறங்கினால் கிறவல், அதில் மாட்டு வண்டியும் உழவு இயந்திரமும் போட்ட தடம். நல்ல வீதியிலும் மதகின் இரண்டு பக்கத்து மண்ணும் இறங்கிப்போய் ஒரு படி இருக்கும். கொழும்பில் 40 மில்லிமீற்றர் பதித்து ஓடுகிறவருக்குக் கேட்காத சத்தம் இங்கே கேட்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்சில்லு மேலே ஏற 75 மில்லிமீற்றர் இடமிருந்த ஒரு காரை 40 பதித்தால் மிஞ்சுவது 35. பின்சீற்றில் மூன்று பேர், டிக்கியில் சாமான் என்று பின் அச்சில் 200 கிலோ ஏறினால் ஒரு சில்லுக்கு 100 கிலோ. சில்லுக்கு நேராக ஸ்பிரிங் நிற்கிறது, அதன் விறைப்பு மில்லிமீற்றருக்கு 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் 33 மில்லிமீற்றர் அமுங்கும். மிச்சம் 2. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வெளிக்கிடுகிற கார், வாசலைத் தாண்ட முதலே பம்ப் ஸ்டொப்பில் உட்கார்ந்திருக்கிறது. இனி அது ஸ்பிரிங்கில் ஓடவில்லை, றப்பர்க் கட்டையில் ஓடுகிறது.

உங்கள் காரில் எவ்வளவு மிச்சம் என்று அறிய ஒரு கேபிள் டை போதும். ஷொக் தண்டில், டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு, கேபிள் டையைச் சுற்றி இறுக்கி, நுனியை வெட்டிவிட்டு, ஷொக் உடலைத் தொடுமளவுக்குக் கீழே தள்ளுங்கள். வழக்கமாகப் போகிற வழியில் வழக்கமான ஆட்களோடு போய் வந்து பார்த்தால், ஷொக் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அது தண்டில் குறித்து வைத்திருக்கும். பம்ப் ஸ்டொப்பில் போய் நசுங்கி நின்றிருந்தால் ஒவ்வொரு பள்ளமும் கட்டையில்தான் இடித்திருக்கிறது.

அடுத்து பம்ப் ஸ்டொப் இருக்கிறதா என்றே பாருங்கள். "இடம் பத்தாது" என்று முழுதாகக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அப்போது அடிபடுவது ஷொக்கின் உள் வால்வு. புது ஷொக்கே சில மாதங்களில் முடிந்துவிடும். ஸ்பிரிங் கொம்பனியின் தாளில் இவ்வளவு வெட்டுங்கள் என்று போட்டிருந்தால் அவ்வளவு மட்டும் வெட்டலாம். கூம்பு முனை இருக்கிற கட்டையில் எந்தப் பக்கத்தை வெட்டுவது என்பதையும் அதே தாளில் பாருங்கள். மெல்லிய முனைதான் முதலில் மென்மையாகப் பிடிப்பது, அதை வெட்டிவிட்டால் இடி நேரே வரும்.

பிறகு ஷொக்கின் நீளம். கொம்பனி நீள ஷொக்கில் கட்டை ஸ்பிரிங் போட்டால், ஷொக்கின் பிஸ்டன் எந்த நேரமும் அடிப்பாதியிலேயே வேலை செய்யும். பில்ஸ்டைனில் பி6 கொம்பனி உயரத்துக்கு, பி8 உடல் கட்டையாக்கப்பட்டது, லோவரிங் ஸ்பிரிங்குக்கென்றே வருவது. விலை வித்தியாசம் பார்த்து பி6 வாங்கி அதில் கட்டை ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு இடிக்கிறது என்றால் அதில் பில்ஸ்டைன்காரனைக் குறை சொல்ல இடமில்லை.

என் எண்ணம் இதுதான்: வீட்டுக்குப் போகிற வழி கிறவல் என்றால் 25 மில்லிமீற்றருக்கு மேல் பதிக்க வேண்டாம். நல்ல ஷொக்கும் கொம்பனி ஸ்பிரிங்கும் போட்ட கார், 50 பதித்த காரை நெடுங்கேணி வீதியில் சும்மா விட்டுவிட்டுப் போகும். ஸ்பிரிங்கை கிறைண்டரால் வெட்டிப் பதிக்கிறவர்களைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். காஸால் சூடாக்கி இறக்குவதும் அதே இனம். இரண்டும் செய்த ஸ்பிரிங்குக்கு மருந்தில்லை, கழற்றுங்கள்.

பள்ளம் கடந்தும் ஆடிக்கொண்டே போகிறது

பழைய ஷொக்கிலேயே புது ஸ்பிரிங்கைப் போட்டிருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. விறைப்பான ஸ்பிரிங் அதிக வேகத்தில் திரும்பி எழும்பும், அதைப் பிடிக்கத் தேய்ந்த ஷொக்குக்குப் பலமில்லை. முன்மூலையை அமுக்கிவிட்டால் ஒரு தடவை எழும்பி அப்படியே நிற்க வேண்டும் என்ற சோதனை முழுதாகச் செத்த ஷொக்கை மட்டும்தான் காட்டும். பாதி செத்தது ஏ-9 இல் வேகத்தில் தெரியும்: மதகு கடந்து இரண்டாவது, மூன்றாவது அசைவும் வரும்.

கொனி மஞ்சள் போல திருகி மாற்றக்கூடிய ஷொக் என்றால், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுதாகத் தளர்த்தி, அங்கிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். கொனியில் திருகுவது எழும்புகிற அசைவின் பிடியைத்தான். முழுதாக இறுக்கி வைத்தால் "ஸ்போர்ட்ஸ்" ஆகிவிடும் என்பது வீண் கதை. ஷொக் அமுங்கிய பிறகு எழும்ப நேரமில்லாமல், அடுத்தடுத்த கிடங்குகளில் கார் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் கட்டையில் இடிக்கும். கிறவல் றோட்டில் வரிவரியாக அலை விழுந்த இடத்தில் இடி கூடிக்கொண்டே போனால் இறுக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். சத்தத்தைப் பார்த்தால் ஸ்பிரிங் மென்மை போலத்தான் தோன்றும், ஆனால் பிழை எதிர்ப்பக்கத்தில்.

ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பதிவு

அளக்காமல் சொல்லாதீர்கள். கண்ணால் பார்த்தால் முற்றத்தின் சரிவுதான் தெரியும். நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் ஒன்று ஊரில் இருந்தால் நல்லது, ஆனால் தண்ணீர் வடிய அதுவும் கொஞ்சம் சரிவாகத்தான் கட்டப்பட்டிருக்கும். மேசன்மார் மட்டம் பிடிக்கிற தண்ணீர்க் குழாயை வாங்கி வந்து நான்கு சில்லு நிற்கிற இடத்திலும் மட்டம் பாருங்கள். பதிவான இடத்தில் மெல்லிய பலகையோ ஓட்டுத் துண்டோ வைத்துச் சமப்படுத்தலாம். நான்கு ரயரிலும் ஒரே காற்று. பிறகு சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் அளவுங்கள், நிலத்திலிருந்து அல்ல. பழைய அடிபட்ட காரில் மட்காட்டே ஒரு பக்கம் மாறியிருக்கலாம், அதனால் ஐந்தாறு மில்லிமீற்றர் வித்தியாசத்துக்குத் தலையை உடைக்காதீர்கள்.

அதற்கு மேல் என்றால் முதல் குற்றவாளி, சில்லு தொங்கிக்கொண்டிருக்கையில் இறுக்கிய புஷ் போல்ட்டுகள். றப்பர் புஷ்ஷின் நடுக் குழாய் போல்ட்டோடு பிடிபட்டுவிடும். ஆர்ம் அசையும்போது றப்பர்தான் முறுகிக் கொடுக்கும். ஜக்கில் தொங்கவிட்டு இறுக்கினால், காரை இறக்கியதும் அந்த றப்பர் எந்த நேரமும் முறுகிய நிலையிலேயே நின்று காரை மேலே தூக்கிப் பிடிக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக முறுகினால் சாய்வு. சில மாதத்தில் றப்பரும் கிழியும். திருத்துவதற்குச் சாமான் ஒன்றும் வேண்டாம். ஷொக்கின் அடி போல்ட், ஷொக்கைக் கீழ் ஆர்மோடு சேர்க்கிற ஃபோர்க் இருந்தால் அதன் போல்ட், ஆர்ம் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்தி, சில்லுகள் சுமையைத் தாங்கி நிற்கும்படி காரை இறக்கி, பம்பரில் நாலைந்து தடவை அமுக்கி ஆட்டி, அந்த நிலையிலேயே இறுக்குங்கள். கீழே போக இடமில்லையென்றால் ஆர்மின் அடியில் ஜக்கை வைத்து, கார் ஸ்ராண்டை விட்டு எழும்பத் தொடங்குகிற இடம் வரைக்கும் ஏற்றிவிட்டு இறுக்கலாம்.

அப்படியும் சாய்ந்தால் இடது வலது ஸ்பிரிங்குகளின் பகுதி எண்ணை ஒப்பிடுங்கள். சில கார்களுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு. முன் ஸ்பிரிங்கைப் பின்னால் போட்ட கதையும் நடந்திருக்கிறது.

சில்லு நட்டை டோர்க் றெஞ்சால் இறுக்குங்கள், ஈ.கே. சிவிக்குக்கு 108 நியூட்டன் மீற்றர். கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டால் முறிகண்டியில் எப்படியும் நிற்கப்போகிறீர்கள். தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கியான பிறகு நட்டுகளை மறுபடி ஒரு சுற்றுப் பார்க்கலாம்.

ஒரு பக்கம் இழுக்கிறது, ரயரின் உட்பக்கம் தேய்கிறது

காரைப் பதித்தால் கம்பரும் (முன்னாலிருந்து பார்க்கையில் சில்லு உள்ளே வெளியே சாய்கிற கோணம்) ரோவும் (மேலிருந்து பார்க்கையில் சில்லின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பி நிற்கிற அளவு) இரண்டுமே மாறும். உட்பக்கத் தேய்வுக்கு எல்லோரும் கம்பரைத்தான் குற்றம் சொல்வார்கள், ஆனால் ரயரை வேகமாகத் தின்பது ரோ. 195/55-15 ரயர் ஒன்று 1.5 மில்லிமீற்றர் வெளியே பார்த்து நின்றால், ஒரு கிலோமீற்றர் ஓட்டத்தில் 2.5 மீற்றர் அளவுக்கு அது பக்கவாட்டாக இழுபட்டிருக்கும். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஒருமுறை போய்வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த இடத்தில் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறுதிசையில் பல்லுப் போலக் கீறலும் தெரிந்தால் ரோ. இரண்டு திசையிலும் வழுவழுப்பாக, உட்பக்கம் மட்டும் குறைந்திருந்தால் கம்பர்.

அலைன்மென்ட்டை வேலை முடித்த அன்றே செய்யாதீர்கள். ஸ்பிரிங்கும் றப்பரும் உட்கார ஒரு கிழமை ஓட விடுங்கள். ஆனால் ஸ்டியரிங் மிகவும் கோணலாக நின்றால் காத்திராமல் உடனே ஒருமுறை ரோவையாவது சரிசெய்து, பிறகு முழுதாகச் செய்யுங்கள். மெஷினில் ஏற்றும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் நிறைக்கு ஏதாவது வைக்கச் சொல்லுங்கள். ஒரு மூட்டை அரிசி போதும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அலைன்மென்ட் சரியாக இருந்தும் பள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இழுபட்டால் வேறு கதை. மக்ஃபர்சன் காரைச் சமதரையில் நிறுத்தி முன்னாலிருந்து கீழ் ஆர்மைப் பாருங்கள். சில்லுப் பக்கத்து முனை உள்முனையைவிட மேலே நின்றால் அளவுக்கு மீறிப் பதித்துவிட்டீர்கள். சில்லு ஏற ஏற ரோ மாறும். றோல் சென்ரர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அது) காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுவதால், விறைப்பான ஸ்பிரிங் போட்டும் வளைவில் கார் முன்னையைவிட அதிகம் சரிய வாய்ப்புண்டு. பதித்தும் சரிகிறதே என்று இன்னும் பதிக்கிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. கொஞ்சம் உயர்த்துவதே மலிவான மருந்து.

ரயர் உரசுகிறது

ரயரில் சோக்குக் கட்டியால் பட்டை போட்டு, ஆட்களை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். சோக்கு அழிந்த இடம் உரசும் இடம். முழுதாக ஸ்டியரிங் திருப்பினால் மட்டும் என்றால் உள் லைனரின் கிளிப் கழன்றிருக்கலாம். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் தங்கள் கொளுவியில் இருக்கின்றனவா என்றும் அப்போதே பாருங்கள். ஷொக்கில் பிடித்திருந்த ஹோஸை மறுபடி கொளுவாமல் விட்டால் அது ரயரில்தான் போய் உரசும். அது பிரேக். உடனே திருத்த வேண்டியது.

ஷொக்கில் எண்ணெய்

தண்டின் கீழே மெல்லிய ஈரப்பதம், அதில் செம்மண் தூசி ஒட்டியிருக்கிறது என்றால் பயமில்லை. சீல் கசியவிடும் மெல்லிய படலம் அது. துடைத்துவிட்டுச் சில நாள் பாருங்கள். வழிந்து அடித்தட்டு வரை கோடு போட்டிருந்தால் ஷொக் முடிந்தது. கிறவல் தூசி சீலைத் தின்னும் என்பதால் டஸ்ட் கவர் இல்லாமல் ஓடவே வேண்டாம். கிழிந்த பழைய கவரைப் புது ஷொக்கில் போடுவதும் அதே கணக்கு. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்திலோ ஆனையிறவுக்கு அருகிலோ கார் நிற்கிறதென்றால் உப்புக் காற்று ஸ்பிரிங்கின் பெயின்ற் உதிர்ந்த இடத்தைப் பிடிக்கும். கம்பிரஸர் கொளுவி கீறிய இடங்களைப் பூட்டிய அன்றே பெயின்ற் தொட்டு விடுங்கள்.

ஜக்கில் தூக்கினால் ஸ்பிரிங் கையால் ஆடுகிறது

இது சத்தப் பிரச்சினை அல்ல. காரை ஓட்டாதீர்கள். ஷொக் முழுதாக நீண்டு நிற்கும்போதும் ஸ்பிரிங் இரண்டு தட்டுக்கும் இடையில் இறுகி நிற்க வேண்டும். ஆடினால் ஷொக் நீளம், ஸ்பிரிங் கட்டை. மதகில் சில்லு ஒரு கணம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறி உட்காரலாம். கம்பியால் கட்டி வைப்பது தீர்வல்ல. கட்டை ஷொக் வாங்குங்கள், அல்லது பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள்.

இரவில் வெளிச்சம் போதவில்லை, அல்லது எதிரே வருகிறவர் டிம் அடிக்கிறார்

நான்கு பக்கமும் சமமாகப் பதித்தால் விளக்கின் கோணம் மாறாது. முன்னும் பின்னும் வேறு அளவில் பதிந்தால்தான் மாறும். சில்லு அச்சுகளுக்கிடையில் 2620 மில்லிமீற்றர் இருக்கிற ஈ.கே. சிவிக்கில், முன்பக்கம் பின்பக்கத்தைவிட 20 மில்லிமீற்றர் கூடுதலாக இறங்கினால், 30 மீற்றர் தூரத்தில் வெளிச்சம் கிட்டத்தட்ட 23 சென்ரிமீற்றர் கீழே விழும். இரவில் கொக்காவில் பக்கம் வீதியில் படுத்துக் கிடக்கிற கறுத்த எருமையைப் பார்க்க அந்த 23 தேவை. பின்பக்கம் கூடப் பதிந்தால் எதிர்மாறாக வெளிச்சம் மேலே போய் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். ஸ்பிரிங் மாற்ற முதலே ஒரு மதிலுக்கு முன்னால் காரை நிறுத்தி, வெளிச்சத்தின் மேல் விளிம்பை சோக்கால் கோடு போட்டு வைத்திருந்தால், வேலை முடிந்த பிறகு அதே இடத்தில் நிறுத்தி, விளக்கின் உயரம் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு கீழே புதுக் கோடு கீறி, விளக்குக்குப் பின்னாலிருக்கிற திருகாணியைத் திருப்பி அந்தக் கோட்டுக்குக் கொண்டுவரலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.